நுனி தேயும் நூல்

மொன்றியல் தீவின் மேற்குப் பக்கத்தில் இருக்கிறது டொலார்ட்-டெஸ்-ஓர்மோ. பெயரின் நீளத்துக்குப் பயந்து ஊரார் அதை டி.டி.ஓ. என்று சுருக்கிவிட்டார்கள். தமிழர்களுக்கு இந்த ஊர் என்றதும் சென் ரெஜிஸ் வீதியிலுள்ள திருமுருகன் கோயில்தான் நினைவுக்கு வரும். திருவிழாவுக்கு நகரின் எல்லாத் திசைகளிலிருந்தும் சனம் வந்து சேரும். வருகிறவர்களில் பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. ஊரின் வடக்கு எல்லையைத் தாண்டினால் பியர்ஃபோன். அங்கே ரிவர்டேல் உயர்நிலைப் பள்ளியில் 1960களில் ஜாக் சோஸ்டாக் என்றொரு பையன் படித்தான். வீட்டு நிலவறையில் அப்பா அவனுக்கு ஓர் ஆய்வுக்கூடம் அமைத்துக் கொடுத்திருந்தார். அம்மா தாம் வேலை பார்த்த கம்பெனியிலிருந்து இரசாயனங்கள் கொண்டுவந்து கொடுப்பார். ஒருமுறை சோதனை வெடித்ததில் கண்ணாடிக் குழாய் ஒன்று பறந்துபோய் மேலே மரச்சட்டத்தில் குத்தி நின்றது. இன்றைக்கு எந்தக் கம்பெனியும் எந்த அம்மாவையும் அப்படி விடாது.

பையன் 15 வயதில் பள்ளியை முடித்தான், 19 வயதில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினான். 2009இல் எலிசபெத் பிளாக்பர்ன், கேரல் கிரைடர் ஆகிய இரு பெண் விஞ்ஞானிகளோடு மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார் சோஸ்டாக். அதே டிசம்பரில் அதே ஸ்டாக்ஹோம் மேடையில் வேதியியல் பரிசு வாங்கிய மூவரில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். இருவருமே 1952இல் பிறந்தவர்கள். வெங்கியை நாம் ஊர் ஊராகக் கொண்டாடினோம். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பையனைக் கோட்டை விட்டுவிட்டோம்.

சோஸ்டாக்கைப் பிடித்து ஆட்டிய கேள்வி மிகச் சின்னது. ஒரு டி.என்.ஏ. இழைக்கு முனை என்று ஒன்று இருக்கிறதே, அந்த முனையைச் செல் என்ன செய்கிறது? கேட்டால் இதெல்லாம் ஒரு கேள்வியா என்று தோன்றும். செல் தன் டி.என்.ஏ.யை எப்படிப் பிரதி எடுக்கிறது என்று பார்த்தால்தான் இதன் விஷமம் புரியும்.

ஒரு மனித செல்லுக்குள் 46 குரோமோசோம்கள். அவற்றிலுள்ள டி.என்.ஏ.யைப் பிரித்து ஒன்றன்பின் ஒன்றாக நீட்டி வைத்தால் சுமார் 2 மீட்டர் வரும். அது அடைந்து கிடக்கும் உட்கருவோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூடக் கிடையாது. அந்த 2 மீட்டரில் ஏறக்குறைய 640 கோடி எழுத்து ஜோடிகள். ஏ, டி, ஜி, சி என்று நான்கே எழுத்துகள். இரண்டு இழைகளில் ஒன்றில் ஏ இருந்தால் எதிரில் டி, ஜி இருந்தால் எதிரில் சி. ஒரு செல் இரண்டாவதற்கு முன் இந்த 640 கோடியையும் ஒன்று விடாமல் எழுதி முடிக்க வேண்டும். மனித செல் அதைச் சுமார் 8 மணி நேரத்தில் முடிக்கிறது.

நம் உடலில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 33,000 கோடி செல்கள் உதிர்ந்து அந்த இடத்துக்குப் புதியவை வருவதாக அண்மைக் கணக்கு சொல்கிறது. பெரும்பகுதி இரத்தச் செல்கள், அடுத்து குடலின் உட்படலம். சிவப்பணு தன் உட்கருவைத் துப்பிவிட்டுத்தான் இரத்தத்துக்குள் இறங்குகிறது என்றாலும், அதைப் பெறும் முன் தாய்ச்செல் முழுப் பிரதி ஒன்றை எடுத்தே ஆக வேண்டும். செல்லுக்கு 2 மீட்டர் வீதம் பெருக்கிப் பாருங்கள். ஒரு நாளில் ஒரு மனித உடல் எழுதும் புதிய டி.என்.ஏ. 66 கோடி கிலோமீட்டர். பூமியிலிருந்து சூரியனுக்கு 15 கோடிதான். நீங்கள் இட்லி தின்றுவிட்டு வேலைக்குப் போய்த் திரும்பிப் படுத்து எழுவதற்குள், சூரியனுக்கு இரண்டு தரம் போய் வந்து மிச்சமும் இருக்கும் நீளத்துக்கு உள்ளே எழுத்து வேலை நடந்திருக்கிறது.

எழுதும் முறை எளிது. இரட்டை இழையை ஒரு நொதி பிரித்துக்கொண்டே போகும். பிரிந்த ஒவ்வோர் இழையையும் பார்த்து எதிர் எழுத்துகளை வேறொரு நொதி கோத்துக்கொண்டே வரும். பாலிமரேஸ் என்று அதற்குப் பெயர். ஆர்தர் கோர்ன்பெர்க் 1956இல் பாக்டீரியாவிலிருந்து முதன்முதலாக அதைப் பிரித்தெடுத்தார். முடிவில் கிடைக்கும் இரண்டு டி.என்.ஏ.யிலும் ஓர் இழை பழையது, ஓர் இழை புதியது. 1958இல் மெசல்சனும் ஸ்டாலும் கனமான நைட்ரஜனை ஊட்டி வளர்த்த பாக்டீரியாவைக் கொண்டு இதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிறுவினார்கள்.

மனித செல்லில் பாலிமரேஸின் வேகம் நொடிக்குச் சுமார் 50 எழுத்து. வேகம்தான், ஆனால் போதாது. நம்முடைய மிகப் பெரிய குரோமோசோமில் சுமார் 25 கோடி எழுத்துகள். ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை ஒரே பாலிமரேஸ் எழுதினால் கிட்டத்தட்ட இரண்டு மாதமாகும். ஆகவே செல் பல்லாயிரம் இடங்களில் வேலையைத் தொடங்கி, ஒவ்வோர் இடத்திலிருந்தும் இரு பக்கமும் பரவவிட்டு, கடைசியில் எல்லாவற்றையும் ஒட்டிவிடுகிறது. பிழை திருத்தமும் கூடவே நடக்கிறது. கோக்கும்போது லட்சத்துக்கு ஒன்று தவறும். அதைப் பாலிமரேஸே பின்னால் ஓரடி வைத்து வெட்டிவிட்டு மறுபடி எழுதும். அதற்கும் தப்பியதை இன்னொரு நொதிக் கூட்டம் தேடிப் பிடிக்கும். இறுதியில் 100 கோடி எழுத்துக்கு ஒரு பிழை என்ற அளவுக்கு வந்து நிற்கும். பத்திரிகை அலுவலகத்தில் மெய்ப்பு பார்த்தவர்கள் யாரும் இதைக் கேட்டுப் பொறாமைப்படாமல் இருக்க முடியாது.

இவ்வளவு கெட்டிக்கார நொதிக்கு இரண்டு பிடிவாதங்கள். ஒன்று, ஒரே திசையில்தான் எழுதும். இரண்டு, வெறும் இழையில் தானாகத் தொடங்காது. யாராவது ஒரு சின்னத் தொடக்கத் துண்டை வைத்துக் கொடுத்தால்தான் அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு மேலே எழுதும்.

டி.என்.ஏ.யின் இரண்டு இழைகளும் எதிரும் புதிருமாக ஓடுபவை. இழை பிரியப் பிரிய, ஒன்றில் பாலிமரேஸ் தடையில்லாமல் பின்தொடர்ந்து போகலாம். மற்றதில் அதன் திசை தலைகீழ். அங்கே என்னதான் நடக்கிறது என்று கண்டுபிடித்தவர்கள் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரெய்ஜி ஒகசாகி, ட்சுனெகோ ஒகசாகி தம்பதி. பாக்டீரியாவுக்குக் கதிரியக்கம் ஏற்றிய டி எழுத்தைச் சில நொடிகள் மட்டும் ஊட்டி, சட்டென்று நிறுத்தி, அந்த நொடிகளில் உருவான டி.என்.ஏ.யைப் பிரித்துப் பார்த்தார்கள். நீண்ட இழையாக வர வேண்டியது குட்டிக் குட்டித் துண்டுகளாக வந்தது. இழை கொஞ்சம் பிரிந்ததும் பாலிமரேஸ் பின்னோக்கி ஒரு துண்டு எழுதுகிறது. இன்னும் கொஞ்சம் பிரிந்ததும் இன்னொரு துண்டு. பிறகு துண்டுகள் ஒட்டப்படுகின்றன. 1968இல் வெளியான இந்த முடிவால் அவை இன்றும் ஒகசாகி துண்டுகள் என்றே அழைக்கப்படுகின்றன. மனித செல்லில் ஒரு துண்டுக்கு 100 முதல் 200 எழுத்து. ரெய்ஜி சிறுவனாக ஹிரோஷிமாவில் அணுகுண்டின் கதிர்வீச்சுக்கு ஆளானவர். 1975இல் இரத்தப் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனபோது வயது 44. ட்சுனெகோ ஆய்வைத் தொடர்ந்து நடத்தினார்.

ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தொடக்கத் துண்டு வேண்டும் என்றேனே, அது ஆர்.என்.ஏ.யால் ஆனது, பத்தெழுத்து நீளம். வேலை முடிந்ததும் நொதிகள் அதைக் கழற்றிவிட்டு, பக்கத்துத் துண்டிலிருந்து நீட்டி இடைவெளியை நிரப்பிவிடும். நடுவில் எங்கும் இது சிக்கலில்லை. குரோமோசோமின் ஆகக் கடைசியில்? அங்கே தொடக்கத் துண்டைக் கழற்றினால் அதற்கப்பால் பக்கத்துத் துண்டு என்று எதுவும் இல்லை. அந்த இடைவெளி இடைவெளியாகவே நின்றுவிடும். அடுத்த தலைமுறைப் பிரதி அந்த அளவு குட்டை. அதற்கடுத்தது இன்னும் குட்டை. பெரும்பாலான பாக்டீரியாக்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவற்றின் டி.என்.ஏ. வட்டம், வட்டத்துக்கு முனை ஏது? நமக்கு 46 குரோமோசோம், 92 முனை.

இதை முதலில் எட்டிப்பிடித்தவர்களில் ஒருவர் மாஸ்கோவைச் சேர்ந்த அலெக்சி ஒலொவ்னிகோவ். 1966இல் அவர் ஒரு சொற்பொழிவு கேட்டார். அமெரிக்காவில் லியோனார்ட் ஹேஃப்லிக் 1961இல் வெளியிட்ட ஒரு கண்டுபிடிப்பைப் பற்றியது அது. மனித செல்களைக் குடுவையில் வளர்த்தால் சுமார் 50 முறை இரண்டாகிவிட்டு நின்றுவிடுகின்றன, அதற்குமேல் எத்தனை ஊட்டம் கொடுத்தாலும் அசைவதில்லை என்று ஹேஃப்லிக் காட்டியிருந்தார். செல்களுக்கு யார் எண்ணச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று யோசித்தபடியே ஒலொவ்னிகோவ் மெட்ரோ நிலையத்தில் நின்றார். வண்டி சுரங்கத்திலிருந்து இரைந்துகொண்டு வந்தது. தண்டவாளம் டி.என்.ஏ., வண்டி பாலிமரேஸ் என்று வைத்துக்கொண்டால், பாதை முடியும் இடத்தில் வண்டியின் மூக்கு முட்டி நின்றுவிடும். வேலை நடக்கும் இடம் வண்டியின் நடுவில் இருந்தால், அதற்கும் மூக்குக்கும் இடைப்பட்ட தண்டவாளம் பிரதியாகாது. ஒவ்வொரு பிரிவிலும் நுனி கொஞ்சம் போகிறது, போகப் போக எண்ணிக்கை தெரிகிறது. இதை 1971இல் ரஷ்ய மொழியில் எழுதினார், அவ்வளவாக யாரும் படிக்கவில்லை. டி.என்.ஏ. வடிவத்தைச் சொன்ன ஜேம்ஸ் வாட்சன் 1972இல் வைரசை வைத்து இதே சிக்கலை எழுப்பினார்.

சிக்கல் இருக்கிறது என்பதைக் காகிதத்தில் சொல்லியாயிற்று. நாம் ஏன் இன்னும் அழிந்துபோகவில்லை என்பதை யாராவது சொல்ல வேண்டும். கரு முட்டையிலும் விந்திலும் தலைமுறை தலைமுறையாக நுனி தேய்ந்தால் மனித இனம் எப்போதோ கணக்கு முடித்திருக்கும்.

இங்கேதான் நம் பியர்ஃபோன் பள்ளி மாணவர் வருகிறார். 1980இல் ஹார்வர்டில் ஈஸ்ட்டை வைத்து வேலை செய்துகொண்டிருந்தார் சோஸ்டாக். ஈஸ்ட் என்றால் பாணுக்கு மா புளிக்க வைக்கும் அதே ஈஸ்ட்தான். வெளியிலிருந்து ஒரு நேரான டி.என்.ஏ. துண்டை அதற்குள் போட்டால் அது நிலைக்காது. செல்லைப் பொறுத்தவரை திறந்த முனை என்றால் உடைப்பு. ஒன்று அதை எதனுடனாவது ஒட்டப் பார்க்கும், இல்லையென்றால் மென்று தின்றுவிடும். அந்தக் கோடையில் ஓர் ஆய்வுக் கூட்டத்தில் எலிசபெத் பிளாக்பர்ன் பேசினார். ஆஸ்திரேலியாவில் பிறந்த அவர் குளத்து நீரில் வாழும் டெட்ராஹைமினா என்ற ஒற்றைச் செல் உயிரியை ஆராய்ந்தவர். அதற்குள் குட்டிக் குட்டியாய் ஆயிரக்கணக்கில் குரோமோசோம்கள். அத்தனையின் முனையிலும் டி.டி.ஜி.ஜி.ஜி.ஜி என்ற ஆறெழுத்து, ஜபம் போலத் திரும்பத் திரும்ப வந்தது. அந்த முனைகள் ஏன் உடைவதில்லை, ஒட்டிக்கொள்வதில்லை?

இருவரும் பேசி ஒரு காரியம் செய்தார்கள். எடுபடாமல் போவதற்கே வாய்ப்பு அதிகம் என்று அவர்களுக்கே தெரியும். பிளாக்பர்ன் டெட்ராஹைமினாவின் முனைத் துண்டுகளை அனுப்பிவைத்தார். சோஸ்டாக் அவற்றைத் தம் நேரான டி.என்.ஏ.யின் இரு பக்கமும் ஒட்டி ஈஸ்ட்டுக்குள் செலுத்தினார். குளத்து உயிரிக்கும் ஈஸ்ட்டுக்கும் பரிணாமத்தில் 100 கோடி ஆண்டுக்கு மேல் இடைவெளி. அந்த அந்நிய முனைகளை ஈஸ்ட் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டது. நேரான டி.என்.ஏ. உடையாமல், ஒட்டாமல் தலைமுறை தலைமுறையாகப் பிரதியாகிக்கொண்டே போனது. 1982இல் இருவரும் இதை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு சோஸ்டாக்கும் ஆண்ட்ரூ மர்ரேயும் இதே நுட்பத்தால் ஈஸ்ட்டுக்கு ஒரு செயற்கைக் குரோமோசோமையே செய்து கொடுத்தார்கள்.

என் கண்ணில் இதைவிடப் பெரியது பின்னால் வந்த ஒரு கவனிப்பு. ஈஸ்ட்டுக்குள் சில காலம் இருந்த அந்த அந்நிய முனைகளை 1984இல் படித்துப் பார்த்தபோது, டெட்ராஹைமினாவின் ஆறெழுத்துக்கு வெளியே ஈஸ்ட் தன் சொந்த எழுத்துகளைச் சேர்த்து வைத்திருந்தது. தேய வேண்டிய நுனி நீண்டிருந்தது! எதிரில் பார்த்து எழுத மூல இழை இல்லாத இடத்தில் யாரோ எழுதுகிறார்கள். அப்படியானால் இன்னும் பெயர் வைக்காத ஒரு நொதி இருந்தாக வேண்டும்.

அதைப் பிடித்தவர் பிளாக்பர்னின் மாணவி கேரல் கிரைடர். 1984 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் தினம். பெர்க்லி ஆய்வகத்துக்குத் தனியே போய், முந்தைய நாட்களில் வைத்த சோதனையின் எக்ஸ்ரே படலத்தைக் கழுவிப் பார்த்தார். ஆறெழுத்துக்கு ஒரு படி வீதம் ஏணி போலக் கோடுகள். டெலோமரேஸ் என்று பின்னர் பெயரிடப்பட்ட அந்த நொதி தன் உடம்புக்குள்ளேயே ஓர் ஆர்.என்.ஏ. அச்சைச் சுமந்து திரிகிறது. மூல இழை இல்லாத இடத்தில் தன் அச்சைப் பார்த்துத் தானே எழுதுகிறது. குரோமோசோமின் அந்த முனைப் பகுதிக்கு டெலோமியர் என்று பெயர். மனிதர்களில் அது டி.டி.ஏ.ஜி.ஜி.ஜி. பிறக்கும்போது ஒவ்வொரு முனையிலும் சுமார் 10,000 எழுத்து அளவுக்கு இருக்கிறது. செல் பிரியும்போதெல்லாம் 50 முதல் 200 எழுத்துகள் குறைகின்றன. வயதாக ஆக மனித செல்லின் டெலோமியர் உண்மையிலேயே குட்டையாகிறது என்று 1990இல் ஹாமில்டன் நகரின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் கால்வின் ஹார்லியும் சகாக்களும் கிரைடரோடு சேர்ந்து அளந்து காட்டினார்கள். ஒலொவ்னிகோவ் மெட்ரோவில் நினைத்தது சரிதான்.

நம் உடலின் பெரும்பாலான செல்களில் டெலோமரேஸ் அடக்கி வைக்கப்பட்டிருக்கிறது. விந்தையும் முட்டையையும் தரும் செல்களுக்கு அது தாராளமாகக் கிடைக்கிறது. உடலைப் புதுப்பிக்கும் ஸ்டெம் செல்களுக்கு அளந்து கிடைக்கிறது. அனுமதி கேட்காமல் எடுத்துக்கொள்வது புற்றுநோய். பத்துக் கட்டிகளில் எட்டொன்பதில் டெலோமரேஸ் மறுபடி விழித்துக்கொள்கிறது. இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டாலே, டெலோமியரை நீட்டி இளமையைத் தருகிறோம் என்று இணையத்தில் விற்கும் மாத்திரைக்குக் காசைக் கரியாக்கத் தோன்றாது.

சரி, உடலில் இந்த ஓயாத பிரதி வேலை எந்த மூலையில் நடக்கிறது? அதற்குப் பதில் தந்தவரும் மொன்றியல்காரர்தான். பிரான்சின் லில் நகரில் பிறந்து 1941இல் மெக்கில்லுக்கு வந்த ஷார்ல் லெப்லோன். சோஸ்டாக் மாணவராக இருந்த ஆண்டுகளில் அவர் அதே பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றியல் பேராசிரியர். வளர்ந்த உடலின் உறுப்புகள் பெரும்பாலும் மாறாதவை என்றே அவர் காலத்துக்கு முன் நினைத்தார்கள். 1948இல் லெப்லோனும் கேதரின் ஸ்டீவன்சும் எலியின் சிறுகுடலில் பிரிந்துகொண்டிருக்கும் செல்களை எண்ணிக் கணக்குப் போட்டார்கள். உட்படலம் முழுவதும் ஏறக்குறைய ஒன்றரை நாளில் மாறிவிடுகிறது என்று விடை வந்தது.

பிறகு அதைக் கண்ணாலேயே பார்க்க வழி செய்தார். டி எழுத்தைக் கட்டப் பயன்படும் தைமிடினில் ட்ரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜனை ஏற்றி எலிக்கு ஊசி போடுவார்கள். அந்த நேரத்தில் பிரதி எடுத்துக்கொண்டிருக்கும் செல்லின் உட்கருவில் மட்டும் அது போய் அமரும். குடலை மெல்லிய சீவலாக வெட்டிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டுவார்கள். இருட்டறையில், உருக்கிய புகைப்படப் பூச்சுக்குள் தகட்டை முக்கி எடுத்து, உலர்த்தி, வெளிச்சம் புகாத பெட்டியில் வாரக்கணக்கில் வைத்திருப்பார்கள். ட்ரிட்டியத்தின் கதிர் வெகு குட்டை, தனக்கு நேர்மேலே உள்ள வெள்ளி உப்பைத்தான் தொடும். கழுவிப் பார்த்தால் பிரதி எடுத்த உட்கருவின் தலைமேல் மிளகுத்தூள் தூவியதுபோல் கருப்புப் புள்ளிகள். ஊசி போட்ட சில மணி நேரத்தில் எடுத்த குடலில் புள்ளிகள் குடலுறிஞ்சிகளின் அடியிலுள்ள குழிகளில் மட்டும் இருந்தன. நேரம் கழித்து எடுத்தவற்றில் பாதி உயரம் ஏறியிருந்தன. இரண்டு மூன்று நாளில் நுனிக்கு வந்தன. அதன் பிறகு காணோம், உதிர்ந்துவிட்டன. அடியில் இருந்துகொண்டு தன்னையும் விட்டுக்கொடுக்காமல் பிள்ளைகளையும் மேலே அனுப்பிக்கொண்டே இருக்கும் ஸ்டெம் செல் என்ற கருத்து வேரூன்றியதில் லெப்லோனுக்குப் பெரிய பங்கு உண்டு. தொண்ணூறு வயதைக் கடந்தும் ஆய்வகத்துக்குப் போய்வந்த மனிதர், 2007இல் 97 வயதில் காலமானார்.

பிரதி எடுத்தாயிற்று என்றால் அடுத்தது பங்கு பிரிப்பது. ஒவ்வொரு குரோமோசோமும் இப்போது இரட்டை. கோஹிசின் என்ற புரத வளையங்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருக்கும். செல்லின் இரு துருவங்களிலிருந்தும் டியூபுலின் என்ற புரதத்தாலான நூல்கள் வளர்வதும் சுருங்குவதுமாகத் துழாவி வந்து, ஒவ்வோர் இரட்டையையும் இரு பக்கமும் பிடிக்கும். ஒரேயொரு குரோமோசோம் பிடிபடாமல் நின்றால்கூடச் செல் மொத்தமும் காத்திருக்கும். கடைசி ஆள் பிடிபட்டதும் வளையங்கள் வெட்டப்படும், இரட்டைகள் எதிரெதிர்த் துருவம் போகும், செல்லின் இடுப்பு இறுகி இரண்டாகும். எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரம்.

இந்த நூலை அறுக்கும் பூ ஒன்று நம் ஊரில் வேலியோரமெல்லாம் பூக்கிறது. யாழ்ப்பாணத்தில் பட்டிப்பூ. தமிழகத்தில் நித்தியகல்யாணி, சுடுகாட்டுமல்லி. கோடையில் இங்குள்ள நாற்றுக்கடைகளில் வின்கா என்ற பெயரில் தட்டுத் தட்டாக விற்பார்கள். 1952இல் டொரொன்டோவில் கிளார்க் நோபல் என்ற மருத்துவருக்கு ஜமைக்காவிலிருந்து ஒரு நோயாளி இந்தச் செடியின் 25 இலைகளைத் தபாலில் அனுப்பினார். அங்கே நீரிழிவுக்கு இதைக் கஷாயம் வைத்துக் குடிப்பார்களாம். கிளார்க் யாரென்றால், 1921இல் இன்சுலினைத் தேடிய பான்டிங்குக்கு முதலில் உதவப் போவது யார் என்று சார்ல்ஸ் பெஸ்டோடு நாணயம் சுண்டித் தோற்றவர். பெஸ்ட் இன்சுலின் வரலாற்றில் ஏறினார். இவர் இலைகளை ஒன்டாரியோவின் லண்டன் நகரில் ஆய்வாளராக இருந்த தம்பி ராபர்ட் நோபலுக்கு அனுப்பிவைத்தார்.

எலிகளுக்குச் சாற்றை வாய்வழி கொடுத்ததில் இரத்தச் சர்க்கரை அசையவில்லை. ஊசியில் ஏற்றியதும் எலிகள் சில நாட்களில் தொற்று கண்டு செத்தன. வெள்ளணுக்கள் காணாமல் போயிருந்தன, எலும்பு மஜ்ஜை காலி. நீரிழிவு மருந்து தேடியவர் ஏமாந்து விட்டுவிட்டிருக்கலாம். வெள்ளணுவை இப்படிக் குறைக்கும் பொருள், வெள்ளணு பெருகும் நோய்க்கு ஆகுமே என்று யோசித்தார் ராபர்ட். வேதியியலாளர் சார்ல்ஸ் பியரோடு சேர்ந்து 1958இல் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார். அதன் இன்னொரு சகோதரம் வின்கிரிஸ்டின். இரண்டும் டியூபுலினைப் பிடித்துக்கொண்டு நூல் வளரவிடாமல் செய்கின்றன. செல் காத்திருந்து காத்திருந்தே சாகிறது. குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோயில் வின்கிரிஸ்டின் இன்றும் கைவிட முடியாத மருந்து. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். தமிழகத்தின் தென்மாவட்ட மானாவாரி நிலங்களில் நித்தியகல்யாணி பயிராவது இதற்காகவும்தான். பிரிவைத் தடுக்கும் மருந்துகள் எடுப்பவர்களுக்கு முடி கொட்டுவது, வாயும் வயிறும் புண்ணாவது, வெள்ளணு குறைவது எல்லாம் அந்த இடங்களில் செல்கள் ஓயாமல் பிரிந்துகொண்டிருப்பதால்தான்.

டெலோமரேஸ் குறைந்தால் என்ன ஆகும் என்பதையும் ஒரு நோய் காட்டித் தந்தது. டிஸ்கெரடோசிஸ் கன்ஜெனிடா என்ற அரிய பரம்பரை நோயில் டெலோமியரைக் காக்கும் மரபணுக்களில் பழுது. நகம் சிதையும், வாயில் வெண்திட்டு வரும். உயிரைக் குடிப்பது பெரும்பாலும் மஜ்ஜை வற்றிப்போவது. ஓயாமல் பிரதி எடுக்க வேண்டிய இடம் என்பதால் முதலில் கையை விரிப்பதும் மஜ்ஜைதான். அதற்கும், இரத்தப் புற்றுநோய்கள் பலவற்றுக்கும் இன்றுள்ள வழி, இன்னொருவரின் இரத்த ஸ்டெம் செல்களை ஏற்றுவது. அப்படியொரு செல் இருக்கிறதென்று 1961இல் டொரொன்டோவில் டில்லும் மக்கல்லக்கும் எலிகளில் காட்டியிருந்தார்கள்.

ஏற்றினால் மட்டும் போதாது, எச்.எல்.ஏ. எனப்படும் திசு அடையாளம் பொருந்த வேண்டும். உடன்பிறந்தவர் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. குடும்பத்தில் கிடைக்காவிட்டால் ஒரே பூர்வீகத்தைச் சேர்ந்தவர்களில்தான் பொருத்தம் கிடைக்கும் சாத்தியம் அதிகம். கனடாவின் கொடையாளர் பட்டியலில் தெற்காசியர் குறைவு. அதனால் ஒரு தமிழ்க் குழந்தைக்குப் பொருத்தம் தேடும் மருத்துவருக்கு, தமிழர்கள் எத்தனை பேர் பதிந்திருக்கிறார்கள் என்பது முக்கியம். கியூபெக்கில் இருப்பவர்கள் 18 முதல் 35 வயதுக்குள் ஹேமா-கியூபெக்கில் பதியலாம், மற்ற மாகாணத்தார் கனேடியன் பிளட் சர்வீசஸில், தமிழகத்தில் இருப்போர் சென்னையிலுள்ள தாத்ரியில். வாயிலிருந்து எடுக்கும் ஒரு சின்ன மாதிரிதான் கேட்பார்கள். பொருத்தம் வந்து அழைத்தால், பெரும்பாலும் கையிலிருந்து இரத்தம் எடுப்பது போலவே சில மணி நேரத்தில் செல்களைப் பிரித்துக்கொள்வார்கள். கொடுத்ததை உங்கள் மஜ்ஜை சில வாரங்களில் மறுபடி எழுதி நிரப்பிவிடும். வீட்டில் அந்த வயதில் பிள்ளைகள் இருந்தால் இன்று இரவுச் சாப்பாட்டின்போதே பேச்சை எடுங்கள்.